ஒரு கை குறையுது

நாலு மணிக்கு ஓட்டு முடியுது. இப்ப மூணு அஞ்சு. பல் டாக்டர் ரூமுக்குள்ள என் சம்சாரம் கோகிலாவை நாற்காலியில சாய்ச்சு, வாயைத் திறக்கச் சொல்லி, முகத்துக்கு நேரா விளக்கைப் போட்டிருப்பாங்க. வெளிய நான் இந்த நீலக் கலர் பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து, நான் கட்டின வீட்டை விட்டு என்னையவே துரத்தறதுக்கு எத்தனை பேர் கை தூக்கியிருக்காங்கன்னு போன்ல பார்த்துட்டிருக்கேன். உள்ள போகும்போது அவ மூக்குக்கண்ணாடியைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, "ஏனுங்க, இங்கயே இருங்க, ஊசின்னா எனக்குப் பயம்னு தெரியுமல்ல"ன்னா. தெரியும்னு தலையாட்டினேன். கண்ணாடி சட்டைப் பாக்கெட்டுல இருக்கு, குனியும்போதெல்லாம் நெஞ்சுல குத்துது. வீடுன்னு சொன்னேனே, அது செங்கல் வீடு இல்ல, போன்ல இருக்கற ஒரு குரூப்பு. 'ஒரு கை குறையுது'ன்னு பேரு. சீட்டாடறவங்க, கேரம் ஆடறவங்க, வெளிநாட்டுல இருந்து போர்டு கேம் பெட்டி பெட்டியா வரவழைச்சு பீரோ மேல அடுக்கி வச்சுட்டு கூட ஆட நாதியில்லாம உட்கார்ந்திருக்கறவங்க, இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு இடம். ஆறு வருஷத்துக்கு முன்னால ஏழு பேரோட ஆரம்பிச்சேன், இன்னிக்குப் பதினோராயிரத்து முன்னூறு. நட்டு, தண்ணி ஊத்தி, களை பிடுங்கி, ஆடு மேயாம பார்த்துக்கிட்டது அத்தனையும் இந்த ஈஸ்வரமூர்த்தி. அந்த ஈஸ்வரமூர்த்தி இனித் தலைமை நிர்வாகியா இருக்க வேண்டாம், அவருக்குப் பதிலா பங்கஜம் அக்கா வரட்டும்னு ஓட்டு விட்டிருக்காங்க. ரெண்டே பேரு, ரெண்டே பட்டன். இப்போதைக்கு எனக்கு இருபத்தாறு, பங்கஜம் அக்காவுக்கு முன்னூத்திப் பத்து. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, பங்கஜம் அக்கான்னு ஒருத்தி இந்த உலகத்துலயே கிடையாது. பங்கஜம் அக்கா நான்தான்.

சிரிக்கறவங்க சிரிச்சுக்கட்டும், எனக்குச் சிரிப்பு வரல. முதல் மாசம் குரூப்பு கிடந்த கிடை எனக்குத்தான் தெரியும். ஏழு பேரு, அதுல ரெண்டு பேரு என் தம்பியும் அவன் சம்சாரமும், ஒண்ணு கோகிலா. காலையில ஒரு கேள்வி போடுவேன், சீட்டுல இருபத்தெட்டு ஆடறப்ப துருப்பை எப்பத் திறக்கச் சொல்லலாம்னு. சாயந்திரம் வரைக்கும் ஈ, காக்கா எட்டிப் பார்க்காது. பம்ப் கம்பெனியில டிஸ்பேட்ச் செக்ஷன்ல உட்கார்ந்து, லாரி நம்பரைக் குறிக்கறதா, போனைப் பார்க்கறதா. அப்பத்தான் ஒரு நாள் கோகிலா துணி மடிச்சுட்டே சொன்னா, "வெறும் வீட்டுக்குள்ள யாருங்க வந்து உட்காருவாங்க. உள்ள நாலு பேச்சுச் சத்தம் கேட்டாத்தான எட்டிப் பார்ப்பாங்க. நீங்களே கேளுங்க, நீங்களே பதில் சொல்லுங்க." விளையாட்டாத்தான் சொன்னா. நான் போயி புது சிம் வாங்கிட்டு வந்து நின்னேன். பேரு வச்சதும் அவதான். பங்கஜம்னு வைங்க, அந்தப் பேருக்குக் கோவமே வராதுன்னா. கோபியில போஸ்டாபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவங்க, வீட்டுக்காரர் தவறிட்டாரு, பொண்ணு குன்னூர்ல, இவங்களுக்கு முழங்கால் வலி, எல்லாம் அவ சொல்லச் சொல்ல நான் அடிச்சது. போட்டோவுக்கு அவ கண்ணாடியைக் கழட்டி ஃபிரிட்ஜ் மேல ஒரு சீட்டுக்கட்டு மேல வச்சு எடுத்தோம். இதே கண்ணாடி, இப்பப் பாக்கெட்டுல குத்திட்டிருக்கறது. அன்னிக்கு ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். அப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு. அது கிடக்குது. ஆரம்பத்துல ஒவ்வொண்ணுக்கும் அவளைக் கேப்பேன், இதுக்கு அந்தம்மா என்ன சொல்லும்னு. "முதல்ல சாப்பிட்டியான்னு கேளுங்க, அப்புறம் ரூலைச் சொல்லுங்க"ம்பா. ரெண்டே மாசம், எனக்கே கை வந்துருச்சு, அப்புறம் அவளைக் கேக்கல. மேல இருக்கற பேரைத் தொட்டா மூர்த்தி போயி பங்கஜம் வந்துரும், கட்டை விரல் அதே கட்டை விரல்தான். டெல்டா குமார், சேலம் வாசுன்னு இன்னும் ரெண்டு பேரையும் உண்டாக்கி ரெண்டு பேரையும் சண்டைக்கு விட்டேன். சண்டை நடக்கற இடத்துல சனம் சேரும். சேர்ந்ததும் குமாரைத் துபாய்க்கு ஏத்தி விட்டேன், வாசுவுக்குக் கல்யாணம் பண்ணி வச்சு வாயை அடைச்சேன். பங்கஜத்தை மட்டும் எங்கயும் அனுப்ப முடியல. வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டேன்.

முன்னூத்தி நாப்பத்தொண்ணு. எனக்கு இருபத்தேழு, யாரோ ஒரு புண்ணியவான். உள்ள மெஷின் ஞொய்ங்குது, என் பல்லு கூசுது. எதிர்ல ஒரு பெரியவர் கன்னத்துல கைக்குட்டையை அழுத்திட்டு என்னையே பார்க்கறாரு, டிவியில சத்தமில்லாம ஒரு பொம்பளை குழம்பு தாளிக்கிறா. எனக்கு அவங்க மேல கோவம் இல்லைன்னு சொன்னா அது பொய். பதினோராயிரம் பேரும் வர்றதுக்குக் காரணம் என்ன? ரெண்டு விஷயம். ஒண்ணு, தினமும் சாயந்திரம் நாலு மணிக்கு நான் போடற பட்டியல், இன்னிக்கு எந்த ஊர்ல எந்த மேசையில ஒரு கை குறையுதுன்னு. ஈரோட்டுல மூணு பேரு உட்கார்ந்துட்டு நாலாவது ஆளுக்குத் தவிக்கறாங்களா, பட்டியலைப் பார்த்துட்டு பவானியில இருந்து ஒருத்தன் பஸ் ஏறிப் போவான். அப்படிப் போயி ஆடினவங்கள்ல சம்பந்தி ஆனவங்க இருக்காங்க, ரத்தம் குடுத்தவங்க இருக்காங்க. ஆறு வருஷத்துல எங்கப்பன் செத்த அன்னிக்குக்கூட நான் பட்டியல் போடாம இருந்ததில்ல. இன்னொண்ணு, முதல் தோல்வி. உள்ள வர்ற யாரா இருந்தாலும் முதல் பதிவா, தான் முதன்முதல்ல எந்த ஆட்டத்துல யாருகிட்டத் தோத்தேன்னு எழுதணும். ஜெயிச்சதைச் சொல்லச் சொன்னா ஊரே பீத்தும், தோத்ததைச் சொல்லச் சொன்னாத்தான் மனுசன் மனுசனாப் பேசுவான். யோசனை என்னோடது. ஆனா அன்னிக்கு அவசரத்துல பங்கஜம் அக்கவுண்டுல இருந்து அடிச்சுட்டேன், அதனால இன்னிக்கு வரைக்கும் அது அக்கா கொண்டு வந்த வழக்கம். முதல் தோல்வியை முதல்ல எழுதினதும் அக்காதான். கோகிலா சொன்னா, நான் அடிச்சேன். 'கல்யாணமான மறு வாரம் வீட்டுக்காரர்கிட்ட ரம்மியில தோத்தேன். தோத்தது வருத்தமில்ல. நான் எங்கெங்க தப்புப் பண்ணினேன்னு ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னார். அதுக்கப்புறம் நாங்க சேர்ந்து ஆடல.' நல்லா இருக்கு, நிஜமாட்டவே இருக்குன்னு சொல்லிட்டு அனுப்பிட்டேன். நான் என் தோல்வியை இன்னும் எழுதல. ஆரம்பிச்சவனுக்கு எதுக்கு அதெல்லாம். முதல் கூட்டம் போட மண்டபம் கேக்கப் போனப்ப, சீட்டாட்டம்னா போலீஸ் வரும்னு துரத்தினாரு ஒருத்தரு. ரெண்டு நாள் அவரு வாசல்ல நின்னு, காசு வச்சு ஆடறவங்க இல்லீங்க, குடும்பஸ்தருங்க, பாருங்க இதுதான் எங்க விதி ஒண்ணுன்னு காட்டிக் கும்பிட்டு வாங்கினேன். வந்த நூத்தி இருபது பேரும் கேட்ட முதல் கேள்வி, "பங்கஜம் அக்கா வரலீங்களா?" முழங்கால் வலின்னு சொன்னேன். அவங்க முழங்காலுக்குத் தைலம் வாங்கிட்டு வந்து எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாங்க ஒருத்தங்க. என் நடு முதுகு அன்னிக்கு நாற்காலி தூக்கித் தூக்கி ஒடிஞ்சு போயிருந்துச்சு. அந்தத் தைலத்தைத்தான் போட்டேன்.

விதி மூணைப் படிக்கவும். பதிவு நீக்கப்பட்டது. அஞ்சே வார்த்தை, அதுதான் இந்த ஓட்டுக்குக் காரணம், நினைக்க வேண்டாம்னு நினைச்சாலும் நாக்கு போயிப் போயி சொத்தைப் பல்லைத் தொடற மாதிரி மனசு அங்கயே போகுது. போன செவ்வாக்கிழமை. கரூர்ல இருந்து அமலின்னு ஒரு பொண்ணு, ஆஸ்பத்திரியில நர்ஸ், புதுசா வந்துச்சு. முதல் பதிவுல தன் அண்ணன்கூட கேரம் ஆடி ஜெயிச்சேன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. கூட ஒரு போட்டோ. விதி மூணு என்ன சொல்லுது? முதல் பதிவு தோல்வி பத்தி மட்டும்தான் இருக்கணும், படம் கூடாது. மொத்தம் நாப்பத்தோரு விதி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகு நான் எழுதினது. கேட்டுல லாரி ஹாரன் அடிக்கறான், இன்வாய்ஸ்ல கையெழுத்துக்கு ஆள் நிக்குது, முதல் ரெண்டு வரி படிச்சேன், நீக்கினேன், அஞ்சு வார்த்தை போட்டேன். லாரியை அனுப்பிட்டு வந்து மிச்சத்தைப் படிச்சேன். நீக்கினது எனக்கு மட்டும் தெரியும்ல, நிர்வாகிக்குத் தெரியும். அந்த ஆட்டத்துல அண்ணன் அடிக்கற முறை வந்தப்ப சிவப்புக் காய் குழி வாசல்ல நின்னுதாம், அவன் வேணும்னே தப்பா அடிச்சானாம், அது அந்தப் புள்ளைக்குப் பத்து வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுதாம். அண்ணன் போன ஆடி மாசம் பைக்ல அடிபட்டுப் போயிட்டான். 'தோத்தது அவன், அதனால அவன் சார்பா இதை எழுதறேன்'னு முடிச்சிருந்துச்சு. போட்டோவுல ஒரு பையன் கேரம் போர்டை மடியில வச்சுட்டுச் சிரிச்சுட்டிருந்தான். நான் என்ன கல்லா. மன்னிச்சுக்கம்மான்னு மூர்த்தி பேர்ல அடிச்சேன். அழிச்சேன். திருப்பி அடிச்சேன். அனுப்பற பட்டனுக்கு மேல விரல் நிக்குது, இறங்க மாட்டேங்குது. எங்கப்பன் அறுவத்தெட்டு வயசு வரைக்கும் அந்த வார்த்தையைச் சொல்லாமயே போயிச் சேர்ந்தாரு, எனக்கு மட்டும் எங்கிருந்து வரும். மேல பேரைத் தொட்டேன். பங்கஜம் வந்துச்சு. பங்கஜத்துக்கு எதுவும் தடுக்கல, விரல் தானா ஓடுச்சு. 'அமலிக் கண்ணு, உங்கண்ணன் விட்டுக்குடுத்த அந்தச் சிவப்புக் காய் இன்னும் உன் கையிலதான் சாமி இருக்கு. அவன் பதிவை நாங்க எல்லாரும் படிக்கணும், திருப்பிப் போடு. சாப்பிட்டியா?' மூர்த்தி அடிச்சதுக்கும் பங்கஜம் அணைச்சதுக்கும் நடுவுல அஞ்சே நிமிஷம். அந்தப் புள்ளை பங்கஜத்துக்கு அழுது அழுது நன்றி சொல்லுச்சு. கீழ எழுநூறு பேரு மூர்த்தியைக் கிழிச்சுத் தோரணம் கட்டினாங்க. அந்த நன்றியை வாங்கிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் சந்தோஷமா இருந்தேன் பாருங்க, அதை நினைச்சாத்தான் எனக்கே என்னைக் கண்டா ஆகல.

தினகர் சும்மா இருப்பானா. அவன் பெங்களூர்ல ஐடியில இருக்கான், மூணு வருஷத்துக்கு முன்னால நானே கூப்பிட்டு துணை நிர்வாகி ஆக்கினேன். ஏணியைப் பிடிச்சு ஏத்தி விட்டவன் நான். புதன்கிழமை காலையில போட்டான், 'மூர்த்தி அண்ணா நம்ம எல்லாருக்கும் நிறையச் செஞ்சிருக்கார். அவர் ஓய்வெடுக்கட்டும். பங்கஜம் அக்கா தலைமை ஏற்கட்டும். நம்ம வழக்கப்படி திறந்த ஓட்டு.' திறந்த ஓட்டுன்னா யாரு யாருக்குப் போட்டாங்கன்னு எல்லாரும் பார்க்கலாம், சீட்டைக் கவுத்தி வச்சு ஆடற வேலை இங்க வேண்டாம்னு அந்த விதியையும் நான்தான் எழுதினேன், பதினேழாவது. அதுக்கு முந்தி எங்கிட்ட மட்டும் தனியாப் பேசினான், மரியாதையாத்தான் பேசினான். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க விதியில தப்பில்ல. நீங்க பேசினா சனங்க பயப்படறாங்க. அக்கா பேசினா தங்கறாங்க"ன்னான். நான் என்ன சொல்ல, நீ சொல்ற அக்கா இப்ப உன்கூடத்தான்டா பேசிட்டிருக்குன்னா? சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்ன ஆகும்? மக தற்கொலை பண்ணிக்கப் பார்த்ததை ஒருத்தர் பங்கஜத்துகிட்ட மட்டும் சொல்லியிருக்காரு. ஒரு பொண்ணு புருஷன் அடிக்கறதைச் சொல்லியிருக்கு. அதெல்லாம் நாப்பத்திநாலு வயசு டிஸ்பேட்ச் கிளார்க்குகிட்டச் சொன்னோம்னு தெரிஞ்சா மூஞ்சியில காறித் துப்புவாங்க. துப்பணும். குரூப்பை ஆரம்பிச்ச அக்கவுண்டு என்னோடது, நினைச்சா ஒரே அழுத்து, பதினோராயிரம் பேரும் நடுரோட்டுல நிப்பாங்க. ராத்திரியெல்லாம் அதையும் யோசிச்சேன். அப்ப பவானிக்காரன் நாலு மணிக்குப் போனைத் திறந்துட்டு என்ன பண்ணுவான். இல்ல, நான் ஜெயிச்சா என்ன, பங்கஜம் ஜெயிச்சா என்ன, ரெண்டும் நானேன்னு விட்டுரலாம். விட முடியலயே. அவங்களுக்கு மூர்த்தியைப் பிடிக்கணும். அந்தப் பேரைத்தான எங்கப்பன் வச்சாரு.

மூணு இருபத்தேழு. முன்னூத்தித் தொண்ணூறு. சட்டுன்னு ஒண்ணு தோணுச்சு, ஏன் இத்தனை நேரம் தோணலைன்னு நெத்தியில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. பங்கஜமே வேண்டாம்னு சொல்லிட்டா? அக்கா பேச்சை யாரு தட்டப் போறாங்க. பேரைத் தொட்டு பங்கஜத்துக்கு மாறினேன். 'சாமிகளா, எல்லாரும் சாப்பிட்டாச்சா'ன்னு ஆரம்பிச்சேன். எனக்கு வயசாச்சு, முழங்கால் முடியல, இந்தப் பொறுப்பெல்லாம் எனக்கு ஆகாதுன்னு எழுதினேன். அடுத்தாப்பல மூர்த்தியைப் பத்தி எழுதணும். அங்க வந்து விரல் நின்னுருச்சு. நல்ல மனுசன்னு எழுதலாமா. கொஞ்சம் அதிகம். அப்ப ரிசப்ஷன் புள்ளை கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச்சு, "கோகிலா கூட வந்தவங்க யாருங்க? உள்ள ஒரு நிமிஷம் வர்றீங்களா, அவங்க கூப்பிடறாங்க." வர்றேன், ஒரு நிமிஷம்னேன். 'மூர்த்தி முன்கோவக்காரர், ஆனா'. ஆனா என்ன? ஆனா மனசுல ஒண்ணும் இல்லாதவர். எல்லாத் தடியனையும் பத்தி எல்லாரும் சொல்றது இதுதான. "சார், டாக்டர் காத்துட்டிருக்காங்க"ன்னுது. "இதோ வந்துட்டேம்மா"ன்னு தலையைத் தூக்காமச் சொன்னேன். 'அவர் கோவத்துல பேசறது தப்புதான். பேசினதுக்கப்புறம் அவர் உள்ளுக்குள்ள படற பாடு எனக்குத் தெரியும். ஆறு வருஷமா ஒரு நாள் விடாம நமக்காகப் பட்டியல் போட்டவர். அவரையே இருக்க விடுங்க சாமி. அக்காவுக்காக.' படிச்சுப் பார்த்தேன். எனக்காக இப்படி இதுவரைக்கும் யாரும் பேசினதில்ல. அனுப்பிட்டு நிமிர்ந்தா கதவு சாத்தியிருந்துச்சு. அந்தப் பெரியவர் என்னையப் பார்த்துட்டு, "போயிட்டு வந்துருக்கலாமல்லங்க"ன்னாரு. எழுந்து கதவுகிட்டப் போனேன், ரிசப்ஷன் புள்ளை கையைக் காட்டி நிறுத்திருச்சு. "இனி வேண்டாங்க சார், ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களே சொல்லிட்டாங்க." என்ன சொன்னாங்கன்னு கேக்கணும்னு இருந்தேன், அதுக்குள்ள போன் கையில துடிக்க ஆரம்பிச்சுது.

நான் நினைச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. 'பார்த்தீங்களா, தனக்காகப் பேசல, அவருக்காகப் பேசறாங்க.' 'இந்த மனசுக்காகத்தான் அக்கா வேணும்ங்கறோம்.' 'அவங்க மூர்த்தி அண்ணனையே மன்னிக்கறாங்கன்னா அதுக்கு மேல என்ன வேணும்.' அமலி ஒரு வரி போட்டிருந்துச்சு, 'அக்கா சொன்னதுக்காக நான் மூர்த்தி சாரை மன்னிச்சுட்டேன். ஓட்டு அக்காவுக்குத்தான்.' நானூத்தி இருபது. நானூத்தி எழுபது. ஐநூறு. பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கா முடியறதுக்கு எனக்கு ஏழு நிமிஷம் ஆச்சு. என்னோடது இருபத்தேழுலயே நின்னுது, அப்புறம் இருபத்தாறு ஆச்சு. யாரோ ஒருத்தன் எனக்குப் போட்டதை எடுத்து பங்கஜத்துக்குப் போட்டுட்டான். யாரு அவன், தெரிஞ்சே ஆகணும், திறந்த ஓட்டுதானன்னு பட்டியலைத் திறந்தேன். எனக்குப் போட்டவங்கள்ல என் தம்பி இருந்தான், தம்பி சம்சாரம் இல்ல. சரி, அவளா. பங்கஜத்தோட பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், மண்டபத்துல தைலம் குடுத்தவங்க, ஈரோட்டு மூணு பேரு, பவானிக்காரன், நன்றி கெட்ட பசங்க, ஒவ்வொரு பேரும் நான் வாசல்ல நின்னு உள்ள கூப்பிட்ட பேரு. புதுசாப் போட்டவங்க மேல இருக்காங்க. அஞ்சாறு பேருக்குக் கீழ கோகிலா. ஈ. கோகிலா. சின்ன வட்டத்துக்குள்ள நானே எடுத்துக் குடுத்த அவ போட்டோ, மருதமலைப் படிக்கட்டுல நிக்கறது. ஈறு மரத்துப் போறதுக்கு ஊசி போட்டுட்டு பத்து நிமிஷம் சும்மா உட்கார வைப்பாங்கல்ல, அப்பப் போட்டிருக்கா. கண்ணாடி இல்லாம, போனை மூக்குகிட்டக் கொண்டு போயி, தேடிப் பார்த்துப் போட்டிருக்கா. ஆறு வருஷமா குரூப்புல ஒரு வார்த்தை எழுதாதவ. பங்கஜம் யாருன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவதான். மத்தவங்க தெரியாமப் போட்டாங்க, போகட்டும். இவ தெரிஞ்சே போட்டிருக்கா.

நாலடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப கதவு திறந்துச்சு. கோகிலா கன்னம் ஒரு பக்கம் வீங்கி, வாயில பஞ்சைக் கடிச்சுட்டு வந்து பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தா. ரிசப்ஷன் புள்ளை ஒரு சீட்டை நீட்டிச்சு, "பல்லை எடுத்தாச்சுங்க. அரை மணி நேரம் பஞ்சை எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. இங்கயே கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்க"ன்னுது. எடுத்தாச்சா. வேர்ல வைத்தியம் பண்ணிக் காப்பாத்தலாம்னுதான வந்தோம். கேக்க வேண்டியது அது. என் வாய்ல வந்தது வேற. "ஏன் எனக்குப் போடல?"ன்னேன். அவ திரும்பி என்னையப் பார்த்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு, வலியில கலங்கினதா வேறயான்னு எனக்குத் தெரியல, கல்யாணமாயி பதினெட்டு வருஷம் ஆச்சு, அதுகூட எனக்குத் தெரியல. "உன்னையத்தான் கேக்கறேன் கோகிலா. தெரிஞ்சே போட்டிருக்க." பேசக் கூடாதுன்னு கையைக் காட்டினா. பையில இருந்து போனை எடுத்து முகத்துக்குக் கிட்ட வச்சு மெதுவா அடிச்சா. என் போன் சிணுங்குச்சு. 'நீங்கதான் அந்தம்மா. அப்படிப் பேச உங்களுக்கு வருது. வீட்டுல மட்டும் ஏன் வரல?' அவ்வளவுதான். படிச்சேன். திருப்பிப் படிச்சேன். அதுல ஒரு தப்பு கண்டுபிடிக்கலாம்னு பார்த்தேன், என் வழக்கம் அது, எங்க தப்புப் பண்ணினன்னு ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்ற வழக்கம். ஒரு தப்பும் இல்ல. வலிக்குதான்னு கேக்கணும், ரெண்டே நொடி வேலை, பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கா, தோள் தோள்ல இடிக்குது. வாயைத் திறந்தேன். வரல. பஞ்சு அவ வாயிலயா என் வாயிலயான்னு இருந்துச்சு. அப்ப மணி நாலு ஆச்சு, ஓட்டு முடிஞ்சுது, குரூப்புல பட்டாசு வெடிச்ச மாதிரி வாழ்த்து மேல வாழ்த்து. இன்னிக்குப் பட்டியலை யாரு போடணும்னே தெரியல. எனக்கு வேற வழி தெரியாம மேல பேரைத் தொட்டேன். மூர்த்தி போயி பங்கஜம் வந்துச்சு. கோகிலா பேரைத் தேடி எடுத்து அடிச்சேன், 'வலிக்குதா கண்ணு?'

அவ மடியில போன் சிணுங்குச்சு. எடுத்துப் பார்த்தா. என் பக்கம் திரும்புவான்னு நினைச்சேன், போனைத் தூக்கி எறிவான்னு நினைச்சேன். திரும்பல. ரெண்டு கையாலயும் போனைப் பிடிச்சுட்டு அடிக்க ஆரம்பிச்சா. அடிச்சுட்டே இருந்தா. எங்கிட்ட ஒரு வாரமா மளிகைச் சாமான் பத்தி நாலு வார்த்தை மட்டும் பேசினவ, கட்டை விரல் நிக்காம அடிக்கறா. எனக்கு, சொல்லக் கேவலமா இருக்கு, அந்தம்மா மேல பொறாமையா இருந்துச்சு. வந்துச்சு. 'வலிக்குதுக்கா. எடுக்கலாமா, காப்பாத்திப் பார்க்கலாமான்னு டாக்டர் கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. அவரைக் கூப்பிட்டு விட்டேன், ரெண்டு தடவை. வரல. சரி எடுத்துருங்கன்னு நானே சொல்லிட்டேன். பெரிய ஊசிக்கா. அந்த நர்ஸ் புள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டேன், அதுக்குக் கை வலிச்சிருக்கும் பாவம். நீங்க எல்லாருக்கும் வழி சொல்றீங்க. எனக்கும் ஒண்ணு சொல்லுங்க. நான் இவர்கூட இனி எப்படிக்கா இருக்கறது?' படிச்சு முடிச்சேன். பாக்கெட்டுல கண்ணாடி குத்துது, எடுத்துக் குடுக்கணும்னு தோணுது, கை போன்ல இருக்கு. பங்கஜத்துக்கு இதுவரைக்கும் பதில் தெரியாத கேள்வின்னு ஒண்ணு வந்ததில்ல. 'கண்ணு'ன்னு அடிச்சேன். அழிச்சேன். 'சாமி, அவர்'னு அடிச்சேன். அவர் எப்படி? முன்கோவக்காரர், ஆனா? அழிச்சேன். 'சாப்பிட்டியா'ன்னு அடிச்சுட்டேன், வாயில பஞ்சோட இருக்கறவகிட்ட. அழிச்சேன். அவ போன்ல மேல, 'பங்கஜம் அக்கா டைப் செய்கிறார்'னு வருது, மறையுது, திருப்பி வருது. பக்கத்துல உட்கார்ந்திருக்கற என்னையப் பார்க்காம, போனை மூக்குகிட்ட வச்சுட்டு அவ அதையே பார்த்துட்டிருக்கா.